மரத்துக்கு மரம்

போன கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் பெரியவர் வேட்டி ஒன்றைச் சுற்றிக்கொண்டு மேடைக்கு வந்தான். கையை வயிற்றின்மேல் கட்டினான். தொண்டையை இரண்டு தடவை செருமினான். "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக உமக்குக் கோடாகோடி ஸ்தோத்திரம் ஐயா" என்று ஆரம்பித்தான். கூட்டம் குலுங்கியது. கடந்த நாளெல்லாம் கண்ணின் மணியைப்போல் காத்து வந்த கிருபைக்காக நன்றி சொன்னான். பிரயாணத்தில் இருப்பவர்கள், வியாதிப் படுக்கையில் இருப்பவர்கள், வர முடியாமல் போன குடும்பங்கள் என்று வரிசையாகப் போனான். அந்தக் கடைசி இடத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பையன் செய்தது என்னைத்தான்.

நான்தான் அதிகமாகச் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கோபித்துக்கொண்டேன் என்று நினைப்பார்களே. வீட்டுக்குத் திரும்பும்போது காடியில் மனைவி, "ஒரு வார்த்தை விடாம அப்படியே சொன்னான் பாத்தீங்களா?" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இரண்டு பக்கமும் செம்பனை (பாமாயில் மரம்) மட்டைகள் இருட்டில் தொங்கும் அந்தச் சாலையில் நான் பதில் சொல்லாமல் ஓட்டினேன். ஒரு வார்த்தை விடாமல் என்றால், அதில் விடுவதற்கு ஒன்றும் புதிதாக இல்லை என்றுதானே அர்த்தம்? இருபது வருஷமாக வீட்டுக் கூட்டம், புதுமனை, பிறந்தநாள், கருமாதி என்று எங்கே கூப்பிட்டாலும் போய் ஜெபித்து வருகிறேன். "அண்ணன் ஜெபம் பண்ணா உருக்கமா இருக்கும்" என்று பேர். அந்த உருக்கத்தை ஒரு சின்னப் பையன் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான்.

அச்சடித்த ஜெபத்தைப் பார்த்து வாசிப்பவர்களை நாங்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவோம். "நம்மது இருதயத்திலிருந்து வருவது" என்போம். அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். என்னுடையதும் அச்சடித்த ஜெபம்தான், புத்தகம் மட்டும்தான் இல்லை. சொல்லப்போனால் அவர்களுடையதாவது பல பேர் யோசித்து எழுதியது. என்னுடையது நானே எப்போதோ ஒட்டுப்போட்டுத் தைத்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேடையில்தான் இந்தக் கதி, தனியாக இருக்கும்போது நன்றாக ஜெபிக்கிறேன் என்று சொல்ல வழியில்லை. தனியாக முழங்கால் போட்டாலும் அதே செருமல், அதே "ஐயா". ஒருமுறை ஒரு புதுமனை வீட்டில் நான் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் விசும்பி அழுதார். அந்த நிமிஷம் என் தலைக்குள் காடிக்கு ரோட்டெக்ஸ் (சாலை வரி) எந்தத் தேதியில் முடிகிறது என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாய் அதுபாட்டுக்குப் போனது. ஆமென் வந்தபோது எனக்கே ஆச்சரியம்.

செய்து பார்த்தவை

ஜனவரியில் எல்லாம் செய்து பார்த்தேன். அலாரம் வைத்து நாலரைக்கு எழுந்தேன். மூன்றாம் நாள் முழங்காலிலேயே தூங்கி, நெற்றியில் கட்டில் விளிம்பின் தழும்போடு வேலைக்குப் போனேன். புது நோட்டு வாங்கி ஜெபக் குறிப்பு எழுதினேன். ஒரு வாரத்தில் அது மளிகைச் சாமான் பட்டியலாகிவிட்டது. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன், பசித்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியரிடம் மனம் விட்டுச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, "பிரதர், மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்றார். இருக்கும், யாருக்கு இல்லை? ஆனால் அவர் சொன்ன விதத்தில், அடைத்துக்கொண்ட குழாயைப் பார்க்க வந்தவர் பேச்சு மாதிரி இருந்தது. வாடிப்போவதெல்லாம் பாவத்தின் சம்பளம் என்றால், 88-ஆம் சங்கீதத்தை வேதாகமத்தில் எதற்கு வைத்திருக்கிறார்கள்? மற்றப் புலம்பல் சங்கீதங்கள் கடைசியிலாவது துதிக்குத் திரும்பும். அது கடைசி வரி வரைக்கும் திரும்புவதில்லை. அதையும் ஜெபம் என்றுதானே சேர்த்திருக்கிறார்கள்.

ஆலையில் என்னோடு வேலை செய்யும் கத்தோலிக்க நண்பர் ஒருவர்தான் அவிலா தெரேசாவைப் பற்றிச் சொன்னார். 1515-ல் பிறந்த ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி. ஜெபத்தைப் பற்றி எழுதியதற்காகவே பேர் பெற்றவர். 1970-ல் அவரை மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே போதகர், என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்டவர் தன் வரலாற்றை எழுதும்போது, சில வருஷங்கள் ஜெப நேரத்தில் தன் கவனமெல்லாம் மணி எப்போது அடிக்கும் என்பதில்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறார். நண்பர் இதைச் சொன்னதும் எனக்கு அந்தப் பையன் மணிக்கட்டைப் பார்த்தது ஞாபகம் வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் கொஞ்சம் லேசாக இருந்தது. துணைக்கு ஆள் இருக்கிறது, அதுவும் பெரிய ஆள்.

அப்புறம் நானாகவே கைப்பேசியில் தேடப்போய் மார்ட்டின் லூத்தரிடம் வந்து நின்றேன். எப்படி ஜெபிப்பது என்று கேட்ட ஒருவருக்கு 1535-ல் அவர் எழுதிய சின்னப் பதில். கேட்டவர் பேராசிரியரோ போதகரோ இல்லை, விட்டன்பர்க்கில் அவருக்கு முடிவெட்டிய பீட்டர். ஜெபத்தில் மனம் குளிர்ந்துபோய் ருசி இல்லாமல் போகிறபோது நான் என்ன செய்கிறேன் என்று லூத்தரே ஆரம்பிக்கிறார். சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் குழந்தை சொல்வதுபோல வார்த்தை வார்த்தையாகத் தனக்குத்தானே சொல்வாராம். கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்கிறார். ஒரு விண்ணப்பத்திலேயே மனம் தங்கிவிட்டால் மற்றதை விட்டுவிடு, பரவாயில்லை என்கிறார். உலகத்திலேயே பெரிய இரத்தசாட்சி யார் தெரியுமா, கர்த்தருடைய ஜெபம்தான், எல்லாரும் அதைத்தான் போட்டு வதைக்கிறார்கள் என்றும் சொல்கிறார். இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். முடிவெட்டுபவருக்கு எழுதுகிறார் அல்லவா, அதனால் கத்தியை உதாரணம் காட்டுகிறார்: நல்ல நாவிதன் கத்திமேலும் முடிமேலும் கண்ணையும் நினைப்பையும் வைத்திருப்பான், அரட்டை அடித்துக்கொண்டு சிரைத்தால் மூக்கோ தொண்டையோ போய்விடும். (அதே வருஷம் அந்த பீட்டர் சாப்பாட்டு மேசையில் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார், ஊரைவிட்டு அனுப்பினார்கள் என்பது தனிக் கதை. இதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல ஜெபப் புத்தகம் கையில் இருந்தால் போதும் என்று யாரும் சொல்ல முடியாது.)

நெத்திலி ஆய்ந்த சனிக்கிழமை

இதை அம்மாவிடம் சொல்லத் தோன்றியதற்குக் காரணம் அந்தக் கத்திதான். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. இப்போது செம்பனை நிற்கும் இடத்தில் ரப்பர் நின்ற காலத்தில் இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டியவர். மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அம்மாவுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊருக்குப் பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ல் இந்த நாட்டில் முதன்முதலாகச் செம்பனையை வியாபாரத்துக்கென்று நட்டார்கள். நட்டது பிரெஞ்சுக்காரத் துரை. தோட்டத்தின் பெயரில் இருப்பது நம் ஆட்களின் நாக்கு. அந்தச் செம்பனை மெல்ல மெல்லப் பரவி அம்மாவின் வேலையைத் தின்றது. அதே செம்பனைதான் எனக்கு வேலை போட்டுக்கொடுத்தது: எண்ணெய் ஆலையில் லாரிக்கு எடை போடும் கிராணி.

சனிக்கிழமை சாயந்தரம். அம்மா அடுப்படித் தரையில் பழைய பேப்பரை விரித்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்து லூத்தர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். நாவிதன் கத்தி வந்ததும் அம்மா தலையை ஆட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்காரு."

"நீங்க பால் வெட்டும்போது ஜெபம் பண்ணுவீங்களாம்மா?"

"வெட்டும்போதா? வெட்டும்போது வெட்டுறதுதான்டா. கத்தி கொஞ்சம் உள்ள போச்சுன்னா மரத்துல காயம். தண்டல் வந்து வெரல வச்சுப் பாப்பான்."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இருட்டில், கொசுவுக்கு நடுவில், கத்தியும் கையுமாக அம்மா ஜெபித்துக்கொண்டே பால் வெட்டுவதாக நானே ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். சாட்சி சொல்ல நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எப்பதான் ஜெபம் பண்ணுவீங்க?"

"மரத்துக்கு மரம் நடப்போம்ல. அப்ப."

ஒரு நெத்திலியை எடுத்தார். தலையைக் கிள்ளினார், கட்டைவிரல் நகத்தால் வயிற்றைக் கீறிக் கறுப்புக் குடலை எடுத்தார், மீனைத் தட்டில் போட்டார். அடுத்த மீனுக்குக் கை போகும் வழியில், "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றார். அடுத்த மீனின் தலையைக் கிள்ளி, கீறி, தட்டில் போடும்வரை வாயைத் திறக்கவில்லை. கை மறுபடி நகர்ந்தபோது, "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக." அவ்வளவுதான். பட்டையைச் சீவினால் பால் கோட்டில் இறங்கி மங்கில் (கிண்ணத்தில்) விழுகிறதா என்று பார்க்கும்வரை அந்த மரம்தான். பார்த்தாயிற்று என்றால் அடுத்த மரத்துக்குப் பத்து எட்டு நடை, அந்த நடைக்கு ஒரு வரி. ஒரு ஆளுக்கு ஐந்நூறு மரம் போல இருக்கும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் விடியுமுன்னே ஆரம்பித்துவிடுவார்கள். ஜெபத்தை எத்தனை தடவை சுற்றுவீர்கள் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஜெபமும் நாலு பாட்டும்தான். இருக்கிற சொல் கொஞ்சம் என்பதால் ஒவ்வொன்றையும் அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எனக்குச் சொல் ஏராளம். ஒரே மூச்சில் பிரயாணக்காரர், நோயாளி, வராத குடும்பம் எல்லாரையும் தாண்டி ஓடிவிடுவேன்.

"சில நாளு சுத்தவே சுத்தாது" என்றார் அம்மா, தானாகவே. "அந்தக் கடன் வரி வரும்ல. அதுல எனக்கு நூறு மரம் போயிரும்."

"ஏன்?"

"பால் நிறுக்கிற எடத்துல ஒருத்தன் இருந்தான். ரெண்டு ராத்தல் கொறச்சுத்தான் எழுதுவான். கேட்டா, பால்ல தண்ணி ஊத்துனியான்னு எல்லார் முன்னாலயும் கேப்பான். அந்த வரி வந்தா அவன் மூஞ்சி வரும். மன்னிக்கிறதுபோலன்னு சொல்லணும்ல, நான்தான் மன்னிக்கலயே. பொய் சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போறதா? அங்கயே நின்னுக்குவேன்."

"அப்புறம் மன்னிச்சீங்களா?"

நெத்திலித் தலைகளைப் பேப்பரின் ஓரத்துக்குத் தள்ளினார். "சில நாளு. மறுநா திரும்பவும் கொறச்சு எழுதுவான்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஒழுங்காத்தான எழுதுற?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா தெரியவில்லை. "எல்லாம் கம்ப்யூட்டர்மா" என்றேன்.

லாரிக்கு லாரி

எடைமேடை வேலையைப் பார்க்காதவர்களுக்கு: பழக்குலை ஏற்றிய லாரி மேடைமேல் ஏறி நிற்கும். திரையில் எண் இருபது முப்பது கிலோ மேலும் கீழுமாக ஆடும். டிரைவர் இறங்கி, வண்டி அசையாமல் நின்ற பிறகுதான் எண் நிற்கும். அதைப் பதிய வேண்டும். குலையைக் கொட்டிவிட்டு வெறும் லாரி திரும்பி வரும்போது இன்னொரு எடை. கழித்தால் வருவது பழம். பறித்த பழத்தை ஒரு நாளுக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும் என்பதால் லாரிக்காரர்களுக்கு எப்போதும் அவசரம். காய்ப்பு அதிகமான மாதங்களில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும்.

அடுத்த திங்கட்கிழமை ஆரம்பித்தேன். எடை போடும்போது எடை மட்டும். ஒரு லாரி இறங்கி அடுத்தது மேலே ஏறும் அந்த அரை நிமிஷத்துக்கு ஒரு வரி. செருமல் கிடையாது, கண் மூடல் கிடையாது, ஜன்னலில் டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களே. முதல் நாள் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் நாள் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதில் "இன்று" என்ற சொல்லை முதல் தடவையாகக் கேட்டேன். ஐம்பது வயதாகப்போகிறது, அந்தச் சொல் அங்கே இருப்பதை நான் கவனித்ததே இல்லை. எனக்கு நாளை மறுநாளுக்கும் சேர்த்துத்தான் வேண்டியிருந்தது, ஓய்வுக்காலம் வரைக்கும். அன்று நாலைந்து லாரி அதிலேயே போனது. ஏதோ பெரிய வெளிச்சம் வந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலைந்து லாரி நேரம் நான் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு நானே ஒலிபெருக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் கடனுக்கு வந்தேன். லூக்கா 11-ல் "எங்கள் பாவங்களை" என்று இருக்கிறது. மத்தேயு 6:12-ல் கடன்தான்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." பாவம் என்றால் பொதுவாகப் போய்விடலாம். கடனாளி என்றால் எனக்கு ஒரே ஒரு முகம். என் தம்பி. எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்). நாலு வருஷத்துக்கு முன்னால் மோட்டார் பட்டறை வைக்கிறேன் என்று வாங்கினான்; பட்டறை ஒரு வருஷம்கூட ஓடவில்லை. நான் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவன் மனைவி முன்னால் கேட்டேன், அதுவும் நல்ல குரலில் இல்லை. அதற்கப்புறம் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறான். இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பையன் நடித்துக்காட்டிய என் ஜெபத்தில் "பிரிந்திருக்கும் குடும்பங்களை ஒன்றுசேர்த்தருளும்" என்று ஒரு வரியும் உண்டு. நாலு வருஷமாக வாரம் தவறாமல் அதைச் சொல்லிக்கொண்டு, என் தம்பி முகம் ஒரு தடவையாவது குறுக்கே வராமல் ஆமென் வரைக்கும் போயிருக்கிறேன்.

அந்த வரியில் நின்றது நின்றதுதான். தாண்டிப் போகலாம் என்று பார்த்தால் அம்மாவின் "பொய் சொல்லிட்டுப் போறதா?" காதில் விழும். ஒரு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. வறண்டிருந்த காலமே தேவலாம் போலிருந்தது, அப்போதாவது நிம்மதியாகத் தூங்கினேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், செருமவில்லை. "ஆண்டவரே, எங்களுக்கு இன்றைக்கு வேண்டியதைத் தாரும். ஆமென்" என்றேன். ஒலிபெருக்கி நின்றுவிட்டது என்று நினைத்து ஒரு வாலிபர் ஓடிவந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். நாடகத்தில் என்னை நடித்த பையன் ஏமாந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வியாழக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "எந்த வரியில நிக்கிற?" என்றார். இப்போதெல்லாம் அடிக்கடி இப்படிக் கேட்கிறார், பசியாறியாச்சா என்று கேட்பது மாதிரி.

"கடன்லதான்மா."

"யாரு?"

அதுவரை நான் அவரிடம் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று மட்டும் அவருக்குத் தெரியும். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எட்டாயிரம் என்றதும் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து, ரசப் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"என் பேங்குல ஆறு இருக்கு. எடுத்துக்க. மிச்சத்த மெதுவா தாரேன். அவன வீட்டுக்கு வரச் சொல்லு."